பச்சை என்றால் நின்றுவிட்டது

பிப்ரவரி 3, திங்கள்

கோடை இன்னும் விடவில்லை, இன்று வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. கடைக்குப் போகவில்லை. ரொட்டி இருக்கிறது.

இதை எழுதியது நான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நூலகத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஐல்சா சொன்னது: "தினம் ரெண்டு வரி எழுதுங்க, லெக்ஸ். யாரும் பார்க்கப்போறதில்ல. நானும் கேட்க மாட்டேன்." தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவர். எந்தக் கையெழுத்தைக் கண்டும் அசர மாட்டார்.

இரண்டு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது. கை வலிக்கிறது. நல்ல வலி.

பிப்ரவரி 6, வியாழன்

கத்திக்கு ஆங்கிலச் சொல்லைப் படித்தோம். அதன் முன்னால் ஓர் எழுத்து நிற்கிறது. வாயே திறக்காது. "இது எதுக்கு இங்க நிக்குது?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார் ஐல்சா. சும்மா நிற்கிறது, ஆனால் விட்டுவிட்டு எழுதினால் தப்பு. எங்கள் மின் நிலையத்தில் அப்படி ஒரு சூப்பர்வைசர் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முப்பத்தெட்டு வருடம் மின்சாரம் தயாரித்தவனுக்குக் கரண்ட் பில் படிக்கத் தெரியாது. இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும்.

பெவ் இருந்தவரை பில், கடிதம், வாழ்த்து அட்டை எல்லாம் அவள் கை. அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆயிற்று. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது ஐல்சாவுக்கு. மகள் லியானுக்குத் தெரியாது. ஸ்டாவ்ரோவுக்கும் தெரியாது. அவனும் நானும் ஒரே ஷிப்டில் இருபத்தாறு வருடம். நான் ரவுண்டு போய் மீட்டர் எண்களைப் பார்த்து வந்து சொல்வேன், அவன் லாக் புத்தகத்தில் எழுதுவான். என்னைச் சோம்பேறி என்று நினைத்தான். நினைக்கட்டும் என்று விட்டேன். எண் தெரியும், நிறம் தெரியும். அதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

லியான், மாப்பிள்ளை கிரெய்க், பேத்தி மேசி மூவரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கொல்லையில் ஆட்டுக்கறி வாட்டினேன். சாப்பிடும்போதே கிரெய்க் விஷயத்தை உடைத்தான்.

எங்கள் பழைய கரி மின் நிலையத்தை இடித்துத் தள்ளிய நிலம் ஒன்று. கேட்பவர் இருவர். சோலார் கம்பெனி அங்கே பேனல்களும் பெரிய பேட்டரியும் வைக்கிறேன் என்கிறது. நிலம் கிடைத்தால் ஆகஸ்டில் வேலை ஆரம்பம், எலக்ட்ரீஷியன் கிரெய்க்குக்கு இடம் உறுதி. அரசாங்கமோ அதே நிலத்தை அணுமின் நிலையத்துக்கு ஒதுக்கிவைக்கப் பார்க்கிறது. அது எழும்பப் பதினைந்து வருடம், இருபது வருடம்.

"அதுவரைக்கும் நான் என்ன, நண்டு பிடிச்சிட்டு இருக்கவா?" என்றான் கிரெய்க்.

மேற்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை காத்திருக்கிறதாம். காரில் மூன்று நாள் தூரம்.

"நிலம் சோலாருக்குன்னா இருக்கோம். இல்லைன்னா கிளம்புறோம். அவ்வளவுதான்ப்பா," என்றாள் லியான். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். முகத்தைத் திருப்பவில்லை.

மார்ச் ஆறாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம். ஊர் சொல்வதை எழுதி மேலே அனுப்புவார்களாம்.

பிப்ரவரி 20, வியாழன்

மெயின் ரோட்டில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். பலகையில் முடிவெட்டும் கடை என்று போட்டிருப்பதாக நான் நாற்பது வருடம் நினைத்திருந்த கடையின் பெயர் 'இரு சகோதரர்கள்'. எந்தச் சகோதரர்கள்? உள்ளே போய்க் கேட்டேன். முடிவெட்டுகிறவனுக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பேக்கரியில் ஸ்டாவ்ரோ, ஆல்பி, நான். ஆல்பி டர்பைனில் இருந்தவன். அணுமின் நிலையம் வர வேண்டும் என்கிறவன்.

"நீராவி வந்தா டர்பைன் சுத்தும். அதை எதை வச்சுக் கொதிக்க வச்சா உனக்கென்னடா? எழுநூறு பேருக்கு வேலை," என்றான்.

"எப்போ? உனக்குத் தொண்ணூறு ஆகும்போதா?" என்றான் ஸ்டாவ்ரோ.

"வீல்சேர்ல வந்து கார்டு குத்துவேன்."

"சாம்பல் குளத்து மேல மண்ணைக் கொட்டி மூடுறோம்னு சொல்லி எட்டு வருஷம் ஆச்சு. வடக்குக் காத்து அடிச்சா என் பொண்டாட்டி கொடித்துணியை எடுக்க ஓடுறா. இந்தச் சாம்பலையே மூட வக்கில்லை. அந்த அணுச் சாம்பலை ஆயிரம் வருஷம் காவல் காப்பானுங்களா?"

ஆல்பி காபியை ஊதினான். "அது வேற ஆளுங்க பார்த்துப்பாங்க."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்."

என்னைக் கேட்டார்கள். "என் பேத்தி எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம்," என்றேன். ஆல்பி காபிக் கப்பைத் தள்ளி வைத்தான். அவன் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருடம்.

மார்ச் 6, வியாழன்

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

கூடைப்பந்து அரங்கு நிறைந்துவிட்டது. மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு பலகை, பெற்றோருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. எங்கள் பலகையின் தலைப்பை நிற்காமல் படித்தேன்: 'பழைய மின் நிலைய ஊழியர்கள்'. இடப்பக்கம் அணுமின் நிலையத்தின் படம், வலப்பக்கம் சோலாரும் பேட்டரியும். ஆளுக்கு ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம் கொடுத்தார்கள், ஸ்டிக்கர். படத்துக்கு ஒன்றாக மேலே ஒட்ட வேண்டும். கூட்டம் நடத்த வந்த இமோஜென் என்ற பெண் மேடையில் எப்படி என்று விளக்கினாள். மைக் இரைந்ததே தவிர ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஸ்டாவ்ரோ கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தான். "கீழ பொடிசா என்னமோ போட்டிருக்கு. படிடா, லெக்ஸ்," என்றான்.

சாம்பல் நிறத்தில் நாலு வரி. முதல் சொல் தெரிந்தது. இரண்டாவது நீளம். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். கழுத்து சுட்டது. அப்போதுதான் கையிலிருந்த நிறங்களைப் பார்த்தேன். இதைப் படிக்க வேறு வேண்டுமா என்று தோன்றியது.

கன்ட்ரோல் ரூம் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரம் ஓடுகிறது, கரண்ட் பாய்கிறது, கையை வைக்காதே. பச்சை என்றால் நின்றுவிட்டது, பயமில்லை. முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

"நம்ம பேனல் மாதிரிதான்டா. ஓட வேண்டியதுக்குச் சிவப்பு, நிறுத்த வேண்டியதுக்குப் பச்சை," என்றேன்.

"ரோட்டுல பச்சைன்னா போகலாமே?" என்றான் ஆல்பி.

"இது என்ன ரோடா? பவர் ஸ்டேஷன் விஷயம். யாரோ விவரம் தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்."

"ஆபீஸ்காரனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு," என்றது பின்னால் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

இருபத்துமூன்று பேர். ஆல்பியும் இன்னும் மூவரும் அணுவின் மேல் சிவப்பை ஒட்டினார்கள். பத்தொன்பது பேர் பச்சையை ஒட்டினோம். அந்தப் படமே பச்சையாகிவிட்டது. பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

லியானுக்குப் போன் செய்தேன். "பழைய ஆளுங்க அணுவை நிறுத்திட்டோம்," என்றேன். "அப்படியாப்பா?" என்றாள். குரல் சிரித்தது.

மார்ச் 12, புதன்

பத்திரிகைத் தலைப்பை நானே படித்தேன். யார் உதவியும் இல்லாமல், முதல் தடவை.

'அணுமின் நிலையம் வரட்டும்: பழைய ஊழியர்கள்.'

தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். விரலை வைத்துத் திரும்பப் படித்தேன். கீழே: இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேர் பச்சை வட்டம் ஒட்டி ஆதரவு தெரிவித்தனர். பச்சை — ஆதரவு. எங்கள் பலகையின் படமும் போட்டிருந்தார்கள். பெவ்வின் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அந்த நாலு வரி. பதினெட்டு நிமிடம் ஆனது.

'நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றால் பச்சை. எதிர்க்கிறீர்கள் என்றால் சிவப்பு.'

ரெண்டாவது சொல்லு நீளம்தான். ஆனா தெரிஞ்ச எழுத்துதான் எல்லாம். நின்னு படிச்சிருந்தா படிச்சிருப்பேன். எல்லாரும் காத்திருந்திருப்பாங்க, என்ன ஆயிடும்? ஏன்டா படிக்கலை. ஏன் படிக்கலை.

மார்ச் 13, வியாழன்

மெயின் ரோட்டில் ஒரு காலிக் கடையில் கருத்துக்கேட்பு ஆபீஸ். இமோஜென் இருந்தாள். சொன்னேன். கன்ட்ரோல் ரூம் பேனலைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள், குறித்துக்கொண்டாள்.

"வட்டத்தையெல்லாம் படம் எடுத்து ஏத்தியாச்சு, லெக்ஸ். நீங்க ஒருத்தர் வந்து சொன்னீங்கன்னு நான் பத்தொன்பதை நாலாக்க முடியுமா? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து வேற சொல்வாரு."

நியாயம்தான். என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"எழுத்துல குடுங்க. இருபத்தொண்ணாம் தேதி அஞ்சு மணிக்குள்ள. ஒட்டினவங்க கையெழுத்தும் சேர்ந்தா கொஞ்சம் பலம்."

"எழுத்துலயா?"

"எழுத்துலதான்."

கெட்ட பெண் இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

ஐல்சாவின் வீட்டுக்கே போய்விட்டேன். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றேன். முப்பத்தெட்டு வருடம் அப்படித்தானே.

"நான் எழுதினா அது என் மனு," என்றார்.

"நான் எழுதினா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதணும். மனுவெல்லாம் ஊர் பார்க்கிற மாதிரி போடுவாங்களாம்."

"ஆமா."

சமையலறைக்குப் போனார். டீ போட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்டாவ்ரோ தன் ஷெட்டில் நண்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்றதும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பத்திரிகையை எடுத்து நீட்டினான். "படி."

படித்தேன். ஒவ்வொரு சொல்லாக. பாதி வரியிலேயே வாங்கி மடித்து வைத்துவிட்டான்.

"இருபத்தாறு வருஷம் என்னை எழுத வச்சியேடா."

"ஆமா."

"உன்னைச் சோம்பேறின்னு எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"அதுவும் பொய் இல்லை."

வலையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தான். ஒரு கிழிசலை அடைத்து முடித்தான். பிறகு, "என் கையெழுத்து இருக்கு, வச்சுக்கோ. மத்தவனுங்க போட மாட்டானுங்க பாரு," என்றான்.

மார்ச் 18, செவ்வாய்

பதினான்கு வீடு ஏறி இறங்கினேன்.

"பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத கிழவனுங்கன்னு பேப்பர்ல வரணுமா? என் பேரன் ஸ்கூலுக்குப் போக வேணாமா?"

"மேல எப்பவோ முடிவு பண்ணிட்டானுங்க. வட்டம் ஒட்டச் சொன்னது நாம பொழுதைப் போக்க. விடு, லெக்ஸ்."

ஒருவர் கதவை மெதுவாகச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தியதுதான் கஷ்டமாக இருந்தது.

வேண்டாம் என்று ஒட்டியவர்கள். இப்போதும் வேண்டாம் என்கிறவர்கள். ஆனால் ஏமாந்தோம் என்று சொல்வதைவிட வேண்டும் என்று சொன்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமாம்.

கையெழுத்துப் போட்டவன் ஆல்பி. "என் சிவப்பை எதிர்ப்புன்னு எழுதிட்டானுங்க. எனக்கு அணு வேணும். அதை ஒழுங்கா எழுது," என்றான். மேஜை மேல் வைத்து அழுத்திப் போட்டான். ஆக என்னோடு சேர்த்து மூன்று. அதில் ஒருவன் எதிர்க்கட்சி.

மார்ச் 20, வியாழன்

நாலு நாள், பதினோரு தாள் கிழித்து, ஒன்றரைப் பக்கம். கடைசிப் பகுதியை இங்கே பார்த்து எழுதுகிறேன்:

'எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. அன்று தெரிந்ததுபோல் நடித்தேன். நண்பர்கள் என்னை நம்பினார்கள். எங்கள் வேலையில் பச்சை என்றால் நின்றுவிட்டது. பத்தொன்பது பேர் அணுமின் நிலையம் வேண்டாம் என்றுதான் பச்சையை ஒட்டினார்கள். நாலு பேர் வேண்டும் என்று சிவப்பை ஒட்டினார்கள். தவறு என்னுடையது, அவர்களுடையது இல்லை. தயவுசெய்து மாற்றி எழுதுங்கள்.'

ஐல்சா படித்தார். எழுந்து போய் அலமாரியில் புத்தகங்களை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்த புத்தகங்கள். திரும்பி வந்து, "ஒரே ஒரு பிழை. நடித்தேன்ல ஒரு எழுத்து குறையுது," என்றார்.

சேர்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கொடுத்தேன். 1412 என்று எண் போட்டார்கள். இமோஜென் நின்றபடியே முழுக்கப் படித்தாள். "நன்றி, லெக்ஸ்," என்றாள். பிறகு மேஜையில் எதையோ தேடினாள்.

ஏப்ரல் 9, புதன்

வடக்குக் காற்று. சாம்பல். ஜன்னல்கள் மூடியே இருக்கின்றன.

மே 15, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் படித்து முடித்தேன். குதிரைப் பந்தயப் பக்கம். ஒரு குதிரையின் பெயர் 'பார்க்கலாம்'. கடைசியாக வந்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. முந்நூற்றுப் பதினொரு பக்கம். எங்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் ஐல்சா அச்சடித்துத் தந்தார்.

நாற்பத்தாறாம் பக்கம்: பழைய ஊழியர்கள், ஆதரவு 19, எதிர்ப்பு 4.

இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கம், 'நடைமுறை பற்றிய கருத்துகள்' என்ற தலைப்பின் கீழ்: 'வட்டங்களின் நிறங்கள் இன்னும் தெளிவாக இருந்திருக்கலாம் என்று பங்கேற்பாளர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.'

மூன்று தடவை படித்தேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. பங்கேற்பாளர் என்பது மட்டும் புதிது. அது நான்தான்.

நிலத்தை அணுமின் நிலையத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். சோலார் கம்பெனி வேறு ஊர் பார்க்கிறது.

ஐல்சாவிடம் கேட்டேன்: பத்தொன்பதும் நாலும் இடம் மாறியிருந்தால் நிலமும் மாறியிருக்குமா? "தெரியல, லெக்ஸ்," என்றார். மாறியிருக்காது என்று சொல்வார் என்று நினைத்தேன். மாறியிருக்கும் என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

லியான் தனியாக வந்தாள். உட்காரவில்லை. மனுக்களை எல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டு நீயாப்பா?"

"ஆமா."

"என் ஸ்கூல் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டுவியே?"

"உன் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்டுவேன். சிரிச்சா நல்ல மார்க்கு."

"என் கல்யாணத்துக்கு எழுதிக் குடுத்தியே, கார்டு. அது?"

"அம்மா எழுதினா."

"அதுல இருந்தது?"

"நான் சொன்னது. நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. ரெண்டு இடத்துல அவளா மாத்திட்டா."

மேஜையில் கையை ஊன்றி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் பச்சையால்தான் போகிறோம் என்று சொல்வாள் என்று. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"வீட்டை விற்கப் போட்டாச்சுப்பா," என்றாள்.

"கிரெய்க் கையெழுத்துப் போட்டுட்டானா?"

"வெள்ளிக்கிழமையே."

"எங்ககூட வந்துடு" என்றாள் போகும்போது. சுரங்கத்துக்காரர்கள் தரும் வீட்டில் இரண்டு அறைதான் என்று கிரெய்க் முன்பே சொல்லியிருந்தான். அவளும் அதை மறந்திருக்க மாட்டாள். "பார்க்கலாம்மா," என்றேன்.

ஜூலை 19, சனி

காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். டிரெய்லரில் மேசியின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் மேலே, சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டு.

வேறு எழுதவில்லை. தெரியாமல் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

லியானிடமிருந்து கடிதம், போன் இல்லை. எழுத்துகளைத் தனித்தனியாக, பெரிதாக எழுதியிருக்கிறாள். எனக்காக. ஒரே மூச்சில் படித்தேன். அங்கே மண் சிவப்பாம். துணி, பாத்திரம், மேசியின் கால் எல்லாம் சிவப்பாம். கிரெய்க் இரண்டு வாரம் சுரங்கத்தில், ஒரு வாரம் வீட்டில். கடைசியில் கேட்டிருந்தாள்: 'பழைய நிலத்தில் இப்போது என்ன நடக்கிறது? எல்லாவற்றையும் எழுது.'

எழுத வேண்டுமே என்று போய்ப் பார்த்தேன். கம்பி வேலி. பூட்டு. மண்ணைச் சோதிக்கத் தோண்டிய குழியில் ஒரு குழாய், வாய்க்கு மூடி போட்டிருக்கிறது. காவலாளியின் வண்டி, உள்ளே யாரும் இல்லை. வேலியில் ஒரு பலகை, நிலையம் திறக்கும் என்று அதில் சொல்லும் வருடத்தில் எனக்கு வயது தொண்ணூற்றொன்று. ஆல்பி வேலிக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தான். வாரம் ஒருமுறை வருகிறானாம். "இன்னும் ஆரம்பிக்கலடா," என்றான். அவனோடு சிறிது நேரம் உட்கார்ந்தேன்.

வந்து எழுதினேன். எல்லாவற்றையும் எழுதியும் அரைப் பக்கம்தான் வந்தது. மீதி அரைப் பக்கம் காலியாக இருந்தால் அவள் கவலைப்படுவாள். கடல் எப்படி இருக்கிறது என்று எழுதினேன். ஸ்டாவ்ரோவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று எழுதினேன். பக்கம் நிறைந்தது.

உறையை ஒட்டிய பிறகுதான் நினைவு வந்தது, எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டே சொற்கள், இரண்டும் எனக்கு எழுதத் தெரிந்தவை. உறையைப் பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.